மேல் ரேக்கா, காலடியா, செக்-இன் பெட்டியா? விமானத்தில் விலையுயர்ந்த பொருளை எங்கே வைப்பது

ராத்திரி விமானம், ஏழு மணி நேரப் பயணம். தலைக்கு மேலே இருந்த ரேக்கில் என் முதுகுப்பை, அதன் உள் ஜிப்புக்குள் ஒரு கவர், கவருக்குள் வெளிநாட்டு நோட்டுகள். நான் நன்றாகத் தூங்கினேன். இறங்கி, விடுதிக்குப் போய், இரண்டு நாள் கழித்துத்தான் கவரைப் பிரித்தேன். பெரிய நோட்டுகளில் பாதியைக் காணோம், மீதி அப்படியே மடிப்புக் கலையாமல் இருந்தது. கவரையே தூக்கியிருந்தால் இறங்கும்போதே எனக்குத் தெரிந்திருக்கும், கத்தியிருப்பேன்; எடுத்த ஆளுக்கும் அது தெரிந்திருக்கிறது. நானோ முதலில் என்னையே சந்தேகப்பட்டேன், கிளம்பும்போது சரியாக எண்ணவில்லையோ என்று. அப்புறம் விடுதியைச் சந்தேகப்பட்டேன். விமானம் மூன்றாவதாகத்தான் நினைவுக்கு வந்தது, அதற்குள் யாரிடம் போய் என்ன சொல்வது?

அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் ஒரு கணக்குப் போடுகிறேன். விமானப் பயணத்தில் ஒரு பொருளை வைக்க நான்கே இடம்தான் இருக்கிறது: செக்-இன் பெட்டி, மேல் ரேக், முன் சீட்டுக்கு அடி, நம் உடம்பு. ஐந்தாவது வழி, அதைக் கொண்டே போகாமல் இருப்பது. இவற்றை ஒப்பிடும்போது எல்லாரும் பூட்டைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, இந்த நிமிஷம் அந்தப் பொருள் யார் வசம் இருக்கிறது என்பதுதான். செக்-இன் பெட்டி விமான நிறுவனத்தின் வசம் இருக்கிறது, காலடிப் பை என் வசம் இருக்கிறது. மேல் ரேக்கில் கிடக்கும் பையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? யாரும் இல்லை. நான் தூங்குகிறேன், பணியாளர்களுக்கு அது யாருடைய பை என்றே தெரியாது.

சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் பார்க்கிறது. சர்வதேச விமானப் பயணங்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது 1999-இல் கையெழுத்தாகி 2003-இல் நடைமுறைக்கு வந்த மாண்ட்ரியல் ஒப்பந்தம். அதன்படி செக்-இன் பெட்டி நிறுவனத்தின் கையில் இருந்தபோது தொலைந்தாலோ சேதமானாலோ, தவறு யாருடையது என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. கையில் கொண்டுபோகும் பை விஷயத்தில் அப்படி இல்லை, நிறுவனத்தின் தவறாலோ அதன் ஆட்களின் தவறாலோ நஷ்டம் வந்திருந்தால்தான் அவர்கள் பொறுப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பயணி எழுந்து வந்து உங்கள் ஜிப்பைத் திறந்தால் அது நிறுவனத்தின் தவறு என்று வாதாடி ஜெயிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ‘கேபினுக்குள்தானே இருக்கிறது, பயமில்லை’ என்று நாம் நினைக்கும் இடத்தில்தான் பாதுகாப்பும் குறைவு, இழப்பீடும் குறைவு.

சரி, அப்படியானால் செக்-இன் பெட்டியில் போட்டுவிடலாமே என்றால், அவசரப்பட வேண்டாம்.

ஒப்பந்தத்தில் ஓர் உச்சவரம்பு இருக்கிறது, ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (2024 டிசம்பர் 28 முதல், அதற்கு முன் 1,288). எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியம் சில முக்கிய நாணயங்களைக் கூட்டிக் கணக்கிடும் ஓர் அலகு. உங்கள் பெட்டிக்குள் அதைப் போலப் பத்து மடங்கு மதிப்பு இருந்தாலும் கிடைப்பது அந்த வரம்புக்குள்தான், அதுவும் ரசீது, சான்று எல்லாம் காட்டிய பிறகு. முன்கூட்டியே மதிப்பைச் சொல்லி, கூடுதல் கட்டணம் கட்டி, வரம்பை உயர்த்திக்கொள்ளும் வசதியும் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, ஆனால் செக்-இன் கவுன்ட்டரில் அதைக் கேட்டால் எதிரே இருப்பவர் மேலதிகாரியைக் கூப்பிடப் போய்விடுவார், அவ்வளவு அபூர்வமாகத்தான் யாரும் கேட்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு: பணம், நகை, மின்னணுக் கருவி, முக்கிய ஆவணம் இவற்றையெல்லாம் செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள் என்று பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் பயண நிபந்தனைகளில் எழுதியே வைத்திருக்கின்றன. இழப்பீடு கேட்டுப் போனால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டுவார்கள்.

பூட்டைப் பற்றியும் பேசிவிடுவோம். ஜிப் வைத்த சூட்கேஸ் என்றால், பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பெரிதாகப் பயனில்லை. ஒரு பால்பாயிண்ட் பேனாவின் முனையை ஜிப்பின் பற்களுக்கு நடுவே குத்தினால் அது பிளந்துகொள்ளும். வேண்டியதை எடுத்துவிட்டு, பூட்டோடு சேர்ந்த ஜிப் தலைகளை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுத்தால் பற்கள் மறுபடியும் ஒன்றுசேர்ந்துவிடும். பூட்டியது பூட்டியபடி உங்களிடம் வந்து சேரும். டிஎஸ்ஏ பூட்டு என்று விற்கிறார்களே, அது அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை அதிகாரிகள் பூட்டை உடைக்காமல் திறந்து பார்ப்பதற்காகப் பொதுச் சாவி வைத்துச் செய்தது. அந்தப் பொதுச் சாவிகளின் படம் 2014-இல் வாஷிங்டன் போஸ்ட் கட்டுரை ஒன்றில் வெளியாகி, 2015-இல் அதைப் பார்த்து யாரோ முப்பரிமாண அச்சுக்கான கோப்பே தயாரித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். இப்போது அது பெட்டி தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். ஜிப்பே இல்லாமல் சட்டகமும் கொக்கியும் வைத்த கெட்டியான கூடுள்ள பெட்டி இதைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் அதைத் திறந்தால் திறந்த தடம் தெரியும். பிளாஸ்டிக் தாள் சுற்றுவதும் அதே காரணத்துக்காகத்தான்: திருடனை அது நிறுத்தாது, ஆனால் பத்துப் பெட்டி வரிசையாக இருக்கும் இடத்தில் அவன் சுற்றாத பெட்டியைத் தேடுவான். சோதனைக்காக அதிகாரிகளே தாளை வெட்டினால் திரும்பச் சுற்றித் தர மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒரு வேடிக்கையான உபாயம் கேள்விப்பட்டேன். அமெரிக்காவில் துப்பாக்கியைச் செக்-இன் செய்தால் அது கெட்டிப் பெட்டியில், பயணி மட்டுமே திறக்கக்கூடிய பூட்டோடு இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் சில புகைப்படக்காரர்கள், ஓட்டப்பந்தயம் தொடங்கிவைக்கச் சுடும் வெற்றுத் துப்பாக்கி ஒன்றை விலையுயர்ந்த கேமராக்களோடு போட்டு, ‘துப்பாக்கி இருக்கிறது’ என்று அறிவித்துவிட்டு நல்ல பூட்டாகப் பூட்டிக்கொள்கிறார்களாம். சாமர்த்தியம்தான், ஆனால் போய் இறங்கும் நாட்டின் ஆயுதச் சட்டம் அதைப் பார்த்துச் சிரிக்காது. நான் பரிந்துரைக்கவில்லை.

ஏர்டேக் மாதிரிக் கண்காணிப்பு வில்லைகள் 2021-க்குப் பிறகு எல்லார் பெட்டியிலும் வந்துவிட்டன, நானும் போடுகிறேன். பெட்டி எந்த ஊரில் நிற்கிறது என்று அது சொல்லும். 2018 ஜூன் முதல் விமான நிறுவனங்களும் பெட்டியை ஒப்படைக்கும்போது, ஏற்றும்போது, மாற்றும்போது, திருப்பித் தரும்போது என நான்கு கட்டத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று அவர்களின் சங்கமான ஐஏடிஏ தீர்மானம் வைத்திருக்கிறது. ஆனால் இரண்டுமே பெட்டி எங்கே என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன. உள்ளே கை விட்டது யார் என்று எதுவும் சொல்லாது. பெட்டி சமர்த்தாக பெல்ட்டில் வந்து நிற்கும், வில்லையும் ‘வந்துவிட்டேன்’ என்று சொல்லும், உள்ளே வைத்த பொருள் மட்டும் இருக்காது. ஆகவே செக்-இன் பெட்டி துணிமணிக்கு, செருப்புக்கு, போனால் போகட்டும் என்கிற சாமான்களுக்கு மட்டும். தவிர, பவர் பேங்கையும் கழற்றிய லித்தியம் பேட்டரிகளையும் எப்படியும் அதில் வைக்கக் கூடாது, தீ அபாயத்துக்காக அவை கேபினில்தான் வர வேண்டும்.

இப்போது மேல் ரேக். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, சொந்தக் காசு போயிருக்கிறதே.

விமானத்துக்குள் திருடுபவன் பையோடு ஓடிப்போக முடியாது, அதனால் அவன் முறையே வேறு. நடு ராத்திரி, விளக்கெல்லாம் அணைந்த பிறகு, தன் பையை எடுப்பவன் போல எழுந்து ரேக்கைத் திறப்பான். உங்கள் பையை இறக்கித் தன் மடியில் வைத்தோ, காலி சீட்டில் வைத்தோ நிதானமாகத் துழாவிவிட்டு மறுபடியும் அதே இடத்தில் வைத்துவிடுவான். யாராவது பார்த்துக் கேட்டால், ‘ஐயோ, என் பை என்று நினைத்துவிட்டேன்’. ஒரே மாதிரி கறுப்பு டிராலியும் கறுப்பு முதுகுப்பையும் வரிசையாக அடுக்கியிருக்கும் ரேக்கில் அதை யார் மறுக்க முடியும்? எடுப்பதும் கொஞ்சமாகத்தான்: நோட்டுக் கட்டின் நடுவிலிருந்து சில, நான்கு கார்டு இருந்தால் பின்னால் இருக்கும் ஒன்று. ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் இப்படிப் பிடிபட்டுச் சிறைக்குப் போனவர்கள் உண்டு, அக்கம்பக்கத்துப் பயணிகள் யாரோ கண் விழித்திருந்ததால் மாட்டினார்கள். எல்லாரும் தூங்கியிருந்தால்?

இந்த முறையைப் புரிந்துகொண்டால் எது உதவும், எது உதவாது என்பதும் தானாகவே தெளிவாகிவிடும். பையை உங்கள் தலைக்கு நேர் மேலே வைப்பதுதான் இயல்பு, ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து உங்களால் பார்க்கவே முடியாத ஒரே ரேக் அதுதான். நடைபாதைக்கு எதிர்ப்பக்கம், ஒரு வரிசை முன்னால் தள்ளி வைத்தால் யார் திறந்தாலும் கண்ணில் படும். பின் வரிசைகளில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். பையின் ஜிப் உள்பக்கம், சுவரைப் பார்த்து இருக்கட்டும், திறக்க வேண்டுமானால் முழுப் பையையும் வெளியே இழுக்க வேண்டியிருக்கும். கறுப்புப் பைக்கு ஒரு மஞ்சள் துணியோ பெரிய ஒட்டியோ போட்டால் ‘என் பை என்று நினைத்தேன்’ என்ற சாக்கு எடுபடாது, இதற்குச் செலவே கிடையாது. செக்-இன் பெட்டியில் ஏளனம் செய்த அந்தச் சின்னப் பூட்டு இங்கே உண்மையிலேயே வேலை செய்கிறது, ஏனென்றால் இருநூறு பேர் நடுவில் பேனாவால் ஜிப்பைப் பிளக்கும் துணிச்சல் யாருக்கும் சுலபத்தில் வராது. பூட்டு இல்லையென்றால் இரண்டு ஜிப் தலைகளையும் ஒரு சாவி வளையத்தால் கோத்துவிட்டால்கூடப் போதும். அரை நிமிஷம் கூடுதலாக ஆகும் என்றாலே அவன் அடுத்த பைக்குப் போய்விடுவான்.

ரேக்குக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, அது திருடனால் வருவதில்லை. கடைசியாக ஏறினால் இடம் இருக்காது, வாசலிலேயே உங்கள் கேபின் பையை வாங்கிச் சீட்டு ஒட்டிக் கீழே அனுப்பிவிடுவார்கள். அந்த அவசரத்தில், பின்னால் வரிசை முட்டிக்கொண்டு நிற்கும்போது, உள்ளிருந்து லேப்டாப்பையும் பணத்தையும் பொறுக்கி எடுக்க முடியாமல் பலர் அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். அதனால் முக்கியமானவை எல்லாம் தனியாக ஒரு சின்னப் பைக்குள் இருந்து, அந்தச் சின்னப் பை பெரிய பைக்குள் மேலாக இருந்தால், ஒரே இழுப்பில் எடுத்துக்கொள்ளலாம். இதை எழுதுவது சுலபம், நானே இரண்டு தடவை மறந்திருக்கிறேன்.

அந்தச் சின்னப் பையின் சரியான இடம் முன் சீட்டுக்கு அடி. என் தீர்ப்பைக் கேட்டால் லேப்டாப், கேமரா, நகைப்பெட்டி மூன்றுக்கும் இதுதான் முதல் இடம், போட்டியே கிடையாது. எடுக்க வேண்டுமானால் உங்கள் முழங்காலுக்கு நடுவே குனிய வேண்டும், அதை ‘தவறுதலாக’ யாரும் செய்ய முடியாது. திறக்கும் பக்கத்தை உங்களைப் பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் முன் சீட்டுக்காரர் கை நீட்டினால் எட்டிவிடும். தூங்கும்போது பையின் வாரை ஒரு காலைச் சுற்றிப் போட்டுக்கொள்வது என் பழக்கம், புறப்படும்போதும் இறங்கும்போதும் மட்டும் கழற்றிவிடுவேன், அவசரமாக எழ நேர்ந்தால் காலை வாரிவிடும் என்பதால்.

குறை இல்லாமல் இல்லை. கால் நீட்ட முடியாது, நீளப் பயணத்தில் அது பெரிய விலை, உயரமானவர்கள் என்னைத் திட்டுவார்கள். அவசர வழி வரிசையிலும், முன்னால் தடுப்புச் சுவர் உள்ள முதல் வரிசையிலும் இந்த வழியே கிடையாது. புறப்படும்போதும் இறங்கும்போதும் கீழே எதுவும் வைக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் ரேக்குக்கு அனுப்பிவிடுவார்கள். கூடுதல் காசு கொடுத்து அந்த வரிசையை வாங்குபவர்கள் கால் வைக்கும் இடத்தோடு இதையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொள்ளட்டும். ஜன்னல் சீட்டா, நடைபாதை சீட்டா என்ற பழைய சண்டைக்கும் இங்கே விடை இருக்கிறது: முக்கியப் பை காலடியில் என்றால் ஜன்னல், ஏனென்றால் அந்தப் பக்கம் யாரும் நடக்கப் போவதில்லை, ரேக்கைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் நடைபாதை. நடு சீட் எதற்கும் உதவாது, அது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பவர் பேங்க் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஒரு விமானம் புறப்படுமுன் தீப்பிடித்ததைத் தொடர்ந்து, அந்த நாடு மார்ச் 1 முதல் பவர் பேங்கை மேல் ரேக்கில் வைக்கத் தடை போட்டது, வேறு சில நிறுவனங்களும் அதே வழியில் வந்துவிட்டன. எப்படியும் ஒரு சின்னப் பை கையருகில் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது, மற்றவையும் அதிலேயே போகட்டும்.

உடம்போடு வைப்பது எதை என்றால், பாஸ்போர்ட், போன், ஒன்றிரண்டு கார்டு, பணத்தின் பெரும்பகுதி, கழற்ற முடியாத சிறு நகை. இதற்குக் காரணம் திருட்டு மட்டும் இல்லை. விமானத்தை அவசரமாகக் காலி செய்யச் சொன்னால் பையை எடுக்கக் கூடாது. பாதி வழிகள் மட்டுமே திறந்திருந்தாலும் 90 விநாடிக்குள் அத்தனை பேரும் வெளியேற முடியும் என்று காட்டிய பிறகுதான் பெரிய விமானங்களுக்கே அனுமதி தருகிறார்கள். 2024 ஜனவரி 2-இல் டோக்கியோவின் ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதி எரிந்தபோது அதிலிருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள், பைகளெல்லாம் உள்ளேயே எரிந்துபோயின. அந்த நேரத்தில் உங்களிடம் மிஞ்சுவது சட்டைப்பையில் இருப்பதுதான்.

ஆனால் உடம்போடு வைப்பதற்கும் ஒரு பலவீனமான இடம் உண்டு, அது பாதுகாப்புச் சோதனை. இடுப்பில் கட்டும் பணப்பை, போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றித் திறந்த தட்டில் பரப்பி வைத்துவிட்டு, நாம் இந்தப் பக்கம் வரிசையில் நிற்க, தட்டு அந்தப் பக்கம் போய் அனாதையாகக் கிடக்கும். தட்டில் எதையும் தனியாகப் போடாமல், வரிசையில் நிற்கும்போதே அத்தனையையும் காலடிப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். பை ஸ்கேனருக்குள் நுழைந்து மறையும்வரை நீங்கள் நகராதீர்கள், பின்னால் நிற்பவர் முனகினாலும் சரி. சீட்டின் முன்னால் இருக்கும் வலைப்பையைப் பற்றி ஒரே வரி: அதில் வைத்தது திருட்டுப் போவதைவிட மறந்து போவதுதான் அதிகம், எதையும் வைக்காதீர்கள்.

கடைசியாக அந்த ஐந்தாவது வழி: கொண்டுபோகாமல் இருப்பது, அல்லது தனியாக அனுப்பிவைப்பது. பணத்துக்கு இது சுலபம், கார்டு இருக்கிறது. என்னுடைய நோட்டுகளைக் கார்டில் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நகைக்கும் கைக்கடிகாரத்துக்கும் கூரியர் என்று நினைப்பவர்கள் முதலில் அவர்களின் நிபந்தனையைப் படிக்க வேண்டும், சாதாரணக் கூரியர்கள் பலவற்றில் பணமும் நகையும் ஏற்கமாட்டோம் என்றே இருக்கும். உண்மையிலேயே பெரிய மதிப்புள்ள பொருள் என்றால் விலைமதிப்புள்ள சரக்கு என்று அறிவித்து, காப்பீட்டோடு அனுப்பும் சேவை தனியாக இருக்கிறது, ஆனால் ஒரு லேப்டாப்புக்காக அதை யாரும் செய்யப் போவதில்லை.

பயணக் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், நல்லதுதான், நானும் எடுக்கிறேன். ஆனால் பாலிசியில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: ஒரு தனிப் பொருளுக்கு எவ்வளவு வரை தருவார்கள், செக்-இன் பெட்டியில் வைத்த விலையுயர்ந்த பொருளுக்குத் தருவார்களா, கவனிக்காமல் விட்ட பை என்று எதைச் சொல்கிறார்கள். போலீஸ் புகாரின் நகல் இல்லாமல் திருட்டுக்குக் காசு வராது, அந்தப் புகாருக்குப் பெரும்பாலும் மணிக்கணக்கில்தான் அவகாசம். இரண்டு நாள் கழித்துக் கவரைப் பிரித்த எனக்கு எதுவும் கிடைக்காததில் ஆச்சரியமே இல்லை.

அதனால் இப்போது நான் எண்ணிப் பார்ப்பது விமானம் நின்று கதவு திறப்பதற்கு முன்னால்தான். ஏறுமுன் நோட்டுகளையும் கார்டுகளையும் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருப்பேன். இறங்கும் அறிவிப்பு வந்ததும் சின்னப் பையைத் திறந்து அந்தப் படத்தோடு ஒப்பிடுவேன், ஒரு நிமிஷ வேலை. குறைந்திருந்தால் அப்போதே பணியாளரிடம் சொல்ல வேண்டும், திருடியவன் இன்னும் அதே குழாய்க்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறான், விமானி நினைத்தால் தரையில் போலீஸை வரச் சொல்ல முடியும். கதவு திறந்த பிறகு அவன் வேறு விமானம் மாறிப் போய்விடுவான். எந்த நாட்டுப் போலீஸ் விசாரிப்பது என்ற குழப்பமும் சேர்ந்துகொள்ளும், 1963 டோக்கியோ ஒப்பந்தப்படி விமானம் பதிவான நாட்டுக்குத்தான் முதல் அதிகாரம், இறங்கிய நாடு கைவிரித்துவிடலாம். செக்-இன் பெட்டியிலிருந்து போயிருந்தால் பெல்ட் இருக்கும் கூடத்தை விட்டு வெளியே வருமுன் நிறுவனத்தின் கவுன்ட்டரில் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கிவிடுங்கள். சேதத்துக்கு ஏழு நாள் அவகாசம் இருந்தாலும், வெளியே போன பிறகு எங்கே எடுத்தார்கள் என்ற வாக்குவாதத்தில் நீங்கள்தான் தோற்பீர்கள்.